அக்கினிப் பேய்க்கு அடித்த பலகை

பல்கலைக்கழக வளாகத்துப் பழைய விரிவுரைக் கட்டடத்தின் முன் திருவிழாக் கூட்டம். தூரத்து ஊரான இலங்கைத்துறையிலிருந்துகூட ஆட்கள் வந்திருந்தார்கள். சும்மாவா? யுத்தத்தில் ஜெனரேட்டருக்கு டீசல் கிடையாது. மின்விசிறியே சுற்றாமல் கட்டடத்தைக் குளிரவைக்கிறாராம் குளிர்ச்சிச் சாமியார்! மின்செலவைக் குறைக்கத் திருத்த வேலைக்கென்று வந்த காசெல்லாம் அறைக்கொரு செப்புத் தகடாக மாறிக்கொண்டிருந்தது.

முதல் அறை உண்மையிலேயே குளிர்ந்தது. பட்டம் பெற்றவர்களும் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். பட்டம் தலைக்குத்தானே, கன்னத்துக்கில்லையே!

சாமியாருக்கு ஒரே குறை. "கட்டினவன்ர பாவம்தான் அக்கினிப் பேயாய் நிக்குது. வாசல்ல இருக்கிற அவன்ர பேரைக் கொத்தி எறியுங்கோ!"

அந்தப் பெயர் சோமசேகரத்தின் தகப்பனாருடையது. எழுபது வயதிலும் வளையாத முதுகோடு அவர் நேரே கல்விப் பீடத்தின் தலைவரான பீடாதிபதி இக்னேசியஸிடம் போனார்.

"என்ர அப்பர் சீமெந்தில மண்ணைக்கூடக் கூட்டிக் கலக்கேல்ல. பேயை எங்கயிருந்து கலந்தவர்?"

"நான் வேதக்காரன் ஐயா, எனக்கும் நம்பிக்கையில்லை. எண்டாலும் அறை குளிர்ந்ததே!"

"தகடு வைக்க முந்தி என்ன செய்தவர்?"

"பேய் வெளிய போகவெண்டு கூரைக்குக் கீழ இருந்த பலகையளைக் கழட்டினவர்."

சோமசேகரத்துக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பலகைகளுக்குப் பின்னால் இருந்தவை, சூடு மேலெழுந்து வெளியேற அப்பர் விட்ட துவாரங்கள். துறைமுகப் பக்கம் ஷெல் விழுந்த நாளில் பலகை அடித்து மூடியவர்கள், பிறகு மறந்தே போனார்கள்.

"நாளைக்கு அந்த அறையில தகடு இருக்கட்டும், பலகையைத் திருப்பி அடியுங்கோ. பக்கத்து அறையில பலகையைக் கழட்டுங்கோ, தகடு வேண்டாம். தகட்டு அறையில சாமி, பக்கத்து அறையில நான். அவர்ர அறை குளிர்ந்தால் அப்பரின்ர பேரை நானே கொத்தி எறியிறன்."

மறுநாள் கச்சான் காற்று அனலாக வீசிய மத்தியானம். இரண்டு கதவும் சாத்தப்பட்டன. சன்னல்கள் ஒரேயளவு திறந்திருந்தன. சாமியாரோடு பக்தர்களும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். சோமசேகரத்தின் அறையிலும் அதேயளவு ஆட்கள்.

சிற்றுண்டிச்சாலை மைமூனா இரண்டு அறைக்கும் சுடச்சுடப் பால் விடாத பிளேன்ரீ கொண்டுபோனாள். சோமசேகரம் இரண்டாவது கோப்பை கேட்டார். சாமியாரின் திருநீறோ குழம்பாகித் தாடியில் ஓடியது.

"என்ன சாமி, பேய் உங்களுக்குள்ள பூந்திட்டுதோ?" என்றாள் மைமூனா.

"கதவைத் திற, பிள்ளை!"

"தகடு மடியிலதானே கிடக்குது!"

சாமியார் துள்ளி எழுந்தார். "தகட்டை விடு! அந்தப் பலகையைக் கழட்டச் சொல்லு, செத்துப்போவன்!"

பக்தர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். முதலில் சிரித்தவர் பீடாதிபதி.

அன்று மாலையே எல்லாப் பலகைகளும் இறங்கின. மிஞ்சிய காசில் கூரைக்கு வெள்ளைச் சுண்ணாம்பு பூசினார்கள். வாசலில் பெயர் அப்படியே இருந்தது. சோமசேகரம் அதைத் துடைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"சுவரில அடிச்ச பலகையை ஆள் விட்டுக் கழட்டலாம். மூளையில அடிச்சதை அவரவர்தான் கழட்டவேணும்!"