லூர்த்தம்மாவின் விலாசம்

“இஞ்சருங்கோ, அந்தப் புளிப் போத்திலை எட்டித் தாங்கோ” என்றாள் லூர்த்தம்மா.

பேதுரு எடுத்துக் கொடுத்தார். அவள் கொஞ்சம் கிள்ளிச் சட்டிக்குள் போட்டுத் தண்ணீர் விட்டாள். பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு குசினி நிலத்தில் இருந்தாள்.

“கத்தரீனாவுக்குச் சொல்லுங்கோ” என்றாள். டொக்டரைக் கூட்டிவரப் போன சைக்கிள் திரும்புமுன் எல்லாம் முடிந்துவிட்டது.

கத்தரீனா அவளுடைய ஒரே தங்கச்சி. பதினெட்டு வருஷத்துக்கு முன், சாவகச்சேரிக் கோர்ட்டில் வேலை பார்த்த சீவரத்தினம் என்ற சைவக்காரனைக் கட்டிக்கொண்டு போனவள். பிறந்த வீட்டுப் படலையை அவளுக்குச் சாத்தியவர் அக்காவின் புருஷன் பேதுரு. அதற்குப் பிறகு அந்த வீட்டில் அவள் பேரை யாரும் எடுத்ததில்லை. சாவகச்சேரியில் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்றுகூட அவருக்குத் தெரியாது.

மறுநாள் புதன்கிழமை நாலு மணிக்கு அடக்கம். அதற்குள் அவள் வந்து அக்காவின் முகத்தைப் பார்த்துவிட வேண்டும். பதினெட்டு வருஷம் வாய் திறவாத மனிசி போகும்போது கேட்டது அது ஒன்றைத்தான்.

மரண அறிவித்தல் நோட்டீசு அடித்து ஊர்ச் சந்தியிலும் சாவகச்சேரிச் சந்தை மதிலெல்லாம் ஒட்டுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. பேதுரு சைக்கிளை எடுத்துக்கொண்டு பஞ்சலிங்கத்தின் அச்சுக்கூடத்துக்கு ஓடினார். அது தொண்ணூற்றிரண்டாம் ஆண்டு. யுத்தத் தடையில் கடதாசி கிடையாது. பள்ளிக்கூடக் கொப்பி ஒற்றையைப் பாதியாகக் கிழித்துத்தான் அச்சடிப்பு.

“நாலு வரிதான் அண்ணை பிடிக்கும். பேர், விலாசம், நேரம். சொந்தக்காரற்றை பேரெல்லாம் சமாதானம் வந்தாப்பிறகு போடுவம்.”

“சரி தம்பி. பேதுரு மனைவி லூர்த்தம்மா, குருநகர்.”

“குருநகரிலை கல்லெறிஞ்சால் ஒரு லூர்த்தம்மாவிலைதான் விழும். அதிலை பாதிப் பேருக்குப் புருஷன் பேதுரு. எந்த ஒழுங்கை?”

பேதுரு விரல் மடக்கி எண்ணிப் பார்த்தார்.

அந்த ஒழுங்கைக்கு வெள்ளைக்காரன் வைத்த பேர் மோர்கன் லேன். பிறகு அரசாங்கம் சிங்களத்தில் ஏதோ மாவத்தை என்று பலகை நட்டது. யாரோ இரவோடிரவாகத் தார் பூசியதால் என்ன மாவத்தை என்று தெரியாமலே போய்விட்டது. கோயில் சபை வைத்தது புனித சூசையப்பர் வீதி. போன வருஷம் இயக்கப் பொடியள், செத்துப்போன தங்கள் கப்டன் ஒருவனின் பேரை மதிலில் எழுதினார்கள். சனம் ஒன்றையும் காதில் விழுத்தாமல் கருவாட்டு ஒழுங்கை என்றது.

“கத்தரீனா போகேக்கை மோர்கன் லேன்தான். அதைப் போடு.”

புதன் காலை எட்டு மணிக்கு ஒரு மலர்வளையம் படலைக்குள் நுழைந்தது. அதைத் தூக்கிக்கொண்டு வந்தவள் ஒரு பென்சன்கார ரீச்சர்.

“ஆர் இஞ்சை பேதுரு? நான்தான் மோர்கன் றோட்டு லூர்த்தம்மா. எனக்கு இன்னும் சீவன் கிடக்கு, பாத்துக்கொள்ளும்!”

“அது றோட்டு, ரீச்சர். இது லேன்...”

“உம்மடை நோட்டீசைப் பாத்திட்டுப் பத்துப்பேர் ஒப்பாரி வைச்சுக்கொண்டு வருகினம். கதவைத் திறந்தது நான். ஒருத்தி மயங்கி விழுந்திட்டா. என்ரை மனிசனுக்குக் காது கேளாது. எல்லாரும் கட்டிப்பிடிச்சு அழ, அந்தாளும் சேர்ந்து அழுதுகொண்டிருக்குது!”

பிறகு அவள் உள்ளே கிடத்தியிருந்த லூர்த்தம்மாவைப் பார்த்தாள். மலர்வளையத்தைக் கால்மாட்டில் வைத்துவிட்டுச் செபமாலையை எடுத்துக்கொண்டு பாயில் இருந்துவிட்டாள்.

பேதுரு மறுபடியும் சைக்கிளை மிதித்தார்.

“சூசையப்பர் வீதி எண்டு மாத்து தம்பி.”

கரையோரத்தில் எத்தனை கோயிலோ அத்தனை சூசையப்பர் வீதி. பதினொரு மணிக்குச் சவப்பெட்டிக்காரன் வியர்த்து வழிய வந்தான்.

“என்ன அண்ணை விலாசம் குடுத்தனீங்கள்? பெட்டியை ஒரு கலியாண வீட்டிலை இறக்கிப்போட்டன். மாப்பிள்ளையின்ரை தாய் விளக்குமாறு எடுத்திட்டா.”

பேதுரு அவனுக்குத் தண்ணீர் கொடுத்தார். சிரிப்பும் வரவில்லை, அழுகையும் வரவில்லை. ஒரு மனிசி பிறந்து வளர்ந்து செத்த இடத்தை அவருக்கு ஊருக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூன்றாம் முறை பஞ்சலிங்கமே கையெடுத்துக் கும்பிட்டார். “இனி என்ன அண்ணை?”

“இருக்கிற பேர் எல்லாத்தையும் போடு.”

பஞ்சலிங்கம் மரண அறிவித்தல் எழுதிய பழக்கதோஷத்தில் அச்சுக் கோத்தார்: மோர்கன் லேனைப் பிறப்பிடமாகவும், சூசையப்பர் வீதியை வசிப்பிடமாகவும், கப்டன் வீதியைத் தற்காலிக வதிவிடமாகவும் கொண்ட லூர்த்தம்மா கருவாட்டு ஒழுங்கையில் காலமானார்.

சந்தியில் நின்று வாசித்த சனம் உச்சுக் கொட்டியது. “பாவம், எத்தினை தரம் இடம்பெயர்ந்திருக்கிறா!”

இரண்டு மணிக்கு நிவாரண அட்டை பதிகிறவர் கொப்பியும் கையுமாக வந்தார். “குறை நினையாதேங்கோ. மனிசி நாலு இடத்திலையும் அரிசி எடுத்தவவோ?”

“அவ கலியாணத்துக்குப் பிறகு கட்டிலைக்கூட இடம் மாத்தேல்லை ஐயா” என்றார் பேதுரு.

மூன்றாம் நோட்டீசு சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்ததோ தெரியாது. மூன்றரையிலிருந்து அவர் ஒழுங்கை முகப்பில் நின்றார். யாழ்ப்பாண பஸ் நிலையப் பக்கமிருந்து வந்த ஒவ்வொரு பெண்ணின் முகத்திலும் பதினெட்டு வருஷத்தைக் கூட்டிப் பார்த்தார். ஒருத்தியும் கத்தரீனா இல்லை.

“நாலரையாகுது, பேதுரு” என்றார் சுவாமியார்.

“இன்னும் அஞ்சு நிமிஷம், சுவாமி.”

ஐந்து நிமிஷமும் போனது. சுவாமியார் அவருடைய தோளில் கை வைத்தார். பேதுரு தலையைக் குனிந்துகொண்டு பெட்டியை மூடச் சொல்ல உள்ளே வந்தார்.

பெட்டியின் தலைமாட்டில் ஒரு நரைத்த பெண் விழுந்து கிடந்து கதறிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவிழ்ந்த பையிலிருந்து முருங்கைக்காய்கள் சிதறிக் கிடந்தன. அதே முகவெட்டு. பேதுரு அவளருகில் குந்தினார்.

“கத்தரீனா... வந்திட்டியே பிள்ளை! எந்தப் பேரைப் பாத்து வந்தனீ? மோர்கன் லேனோ, சூசையப்பர் வீதியோ?”

அவள் நிமிர்ந்து விழித்தாள். “என்ன பேர், அத்தான்?”

“நோட்டீசிலை...”

“என்ன நோட்டீசு?”

வேலிக்கு அந்தப் பக்கம் பின்வளவில் இருக்கும் திரேசியா கோப்பித் தட்டத்தைக் கீழே வைத்தாள்.

“அவ நோட்டீசு ஒண்டும் பாக்கேல்லை, பேதுரு அண்ணை. இண்டைக்குப் புதன், நீங்கள் சங்கக் கூட்டத்துக்குப் போற நாளெண்டு வழமைபோலை வந்தவ, பஸ் பிந்திப்போச்சு. ‘இந்த ஒழுங்கையிலை கால் வைக்கப்படாது’ எண்டு நீங்கள் சொன்னதை அவ ஒரு நாளும் மீறேல்லை. பதினெட்டு வருஷமா மற்றத் தெருவாலை என்ரை வளவுக்குள்ளை வந்து, வேலியிலை கிடக்கிற ஓட்டைப் பொட்டுக்குள்ளாலை குனிஞ்சுதான் அக்காவைப் பாத்திட்டுப் போறவ. வருஷா வருஷம் நீங்கள் வேலி அடைக்கேக்கை, லூர்த்தம்மா அக்கா அந்தப் பொட்டை மட்டும் அடைக்க விடேல்லை. போய்ப் பாருங்கோ, இப்பவும் திறந்துதான் கிடக்கு.”