சாவியைத் தொடாத சம்பந்தி

“கிளம்பலாமா சம்பந்தி? ரயிலுக்கு நேரமாச்சு. வாசல்லயே கார் நிக்குது, அப்புறம் என்ன கவலை!”

மாப்பிள்ளையின் அப்பா உற்சாகமாக எழுந்தபோது, பெண்ணின் அப்பாவான மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் வாசலில் நின்ற காரை எரிச்சலோடு பார்த்தார்.

மகளும் அவள் காதலித்த பையனும் கெஞ்சிக் கூத்தாடி, இன்றுதான் இரண்டு வீட்டாரையும் ஒரே அறையில் உட்கார வைத்திருந்தார்கள். பேச்சு சுமுகமாக முடிந்திருந்தது. விருந்தாளிகளை ரயிலேற்றி விடுவது ஒன்றுதான் பாக்கி.

அதைத்தான் அவரால் செய்ய முடியாது. போன மாதம் நண்பர் கொடுத்த விருந்தில் இரண்டு கிளாஸ் உள்ளே தள்ளிவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தவர், போலீஸ்காரர் நீட்டிய கருவியில் ஊதி வசமாக மாட்டிக்கொண்டார். கோர்ட்டில் அபராதம். ஆறு மாதத்துக்கு லைசென்ஸ் கிடையாது. மீறி ஓட்டினால் கம்பி எண்ண வேண்டியதுதான். மாப்பிள்ளையின் அம்மாவோ, குடி என்ற சொல்லைக் கேட்டாலே முகம் சுளிப்பவர்.

“டாக்ஸி கூப்பிடட்டுமா? சௌகரியமா இருக்கும்.”

“சொந்தக் காரை வாசல்ல வெச்சுக்கிட்டு எங்களை டாக்ஸியில அனுப்பறீங்களா?” சம்பந்தியின் குரல் இறங்கியது.

“ஐயையோ, அப்படியில்லைங்க. கை சுளுக்கு. ஸ்டியரிங்கைத் திருப்ப முடியலை.”

மாப்பிள்ளை துள்ளி எழுந்தான். சுளுக்கெடுப்பதும் மூட்டு வலிக்குப் பயிற்சி கொடுப்பதும்தான் அவன் தொழில். “கொடுங்க மாமா” என்று மணிக்கட்டைப் பிடித்து இப்படியும் அப்படியும் திருப்பினான். “ஒண்ணுமே இல்லையே!”

“கையைச் சொல்லலை மாப்பிள்ளை. கண்ணு... கொஞ்சம் மங்கல்.”

“கண்ணாடிக் கடை வெச்சிருக்கறவருக்கா?” மாப்பிள்ளையின் அம்மா கைப்பையைக் கீழே வைத்தார். “பரம்பரையா வர்றதோ?”

மகள் திடுக்கிட்டாள். அவர் அவசரமாகத் தலையை ஆட்டினார். “கண்ணு ஜம்முனு இருக்குங்க. எப்பவாவது தலை சுத்தும், அவ்வளவுதான்.”

“சுத்தினா விழுந்துடுவீங்களா? உங்கப்பாவுக்கும் இருந்துதா?”

கணவரைக் காப்பாற்ற மனைவி குறுக்கே புகுந்தார். “உடம்புக்கு ஒண்ணுமில்லைங்க. ரோட்டைப் பார்த்தா இவருக்குக் கொஞ்சம் பயம். ராத்திரி தூக்கத்துலகூட பிரேக் போடுவார்.”

“நீ சும்மா இருந்திருக்கலாம்” என்று முணுமுணுத்தார் கடைக்காரர்.

“கை, கண்ணு, தலை, இப்ப மனசும் சரியில்லையா?” அந்த அம்மா மகனைப் பார்த்தார். “எழுந்திருடா. நாள் குறிக்கறதை அப்புறம் யோசிக்கலாம்.”

மாப்பிள்ளையின் முகம் வாடியது. மகள் சாவியை எடுத்து வந்து அப்பாவின் முன்னால் நீட்டினாள். கண்கள் தளும்ப, அவர் காதருகே கிசுகிசுத்தாள்.

“அப்பா, எனக்காக. ரயிலடி பக்கத்துலதானே. யாரு பிடிக்கப் போறா?”

அவர் சாவியைப் பார்த்தார், மகளைப் பார்த்தார். கை பாதி தூரம் போய், சுடுபாத்திரத்தைத் தொட்டதுபோலத் திரும்பி வந்தது.

“வேற எது வேணும்னாலும் கேளும்மா. இது மட்டும் முடியாது.”

மாப்பிள்ளையின் அப்பா பெட்டியைத் தூக்கிக்கொண்டார்.

அதுவரை ஓரத்தில் வாயே திறக்காமல் காபி குடித்துக்கொண்டிருந்த மாப்பிள்ளையின் அத்தை எழுந்தார். உள்ளூர்க்காரர், ஏதோ அரசாங்க வேலை என்று மட்டும் சொல்லியிருந்தார்கள்.

“சாவியை என்கிட்ட கொடும்மா. நான் ஓட்டறேன்.” பிறகு மாப்பிள்ளையின் அம்மாவைப் பார்த்தார். “அண்ணி, இவருக்கு ஒரு வியாதியும் இல்லை. நான் பொறுப்பு. போய் நாள் குறிக்கற வழியைப் பாருங்க.”

நாத்தனார் சொல்லுக்கு அந்த வீட்டில் மறுபேச்சு இல்லை போலும். அண்ணி புன்னகையோடு கைப்பையை எடுத்துக்கொண்டார். எல்லோரும் காரில் ஏறினார்கள். கடைக்காரர் ஓடிப்போய் ஓட்டுபவரின் கதவைத் திறந்துவிட்டு, “பெரிய மனசு உங்களுக்கு. என்னை முன்னபின்ன தெரியாமலே பொறுப்பு ஏத்துக்கிட்டீங்க” என்று நெகிழ்ந்தார்.

அத்தை சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

“தெரியாம என்ன? அன்னிக்குக் கோர்ட்ல நீங்க தலையே நிமிரலை, அதான் ஆறு மாசம்னு தீர்ப்பு சொன்னவளோட முகம் உங்களுக்குத் தெரியலை. ஆனா சம்பந்தி, இப்ப மட்டும் இந்தச் சாவியை நீங்க வாங்கியிருந்தா, கல்யாணத்தை நிறுத்திட்டு உங்களை உள்ள தள்ளியிருப்பேன்!”