உகாய் வீட்டில் எது எங்கே

ஹிமி,
ஜனவரி 21, 2000

கனாசாவாவில் வசிக்கும் என் பெருமதிப்பிற்குரிய மைத்துனர் இச்சிமுரா கெய்சோ அவர்களுக்கு, உகாய் தெய்ஜி தலை தாழ்த்தி எழுதிக்கொள்வது.

கடலில் இடி முழங்கிப் புரி மீன் கரைக்கு வந்து சேரும் இந்தப் பெருங்குளிர் காலத்தில், தங்கள் மூட்டுவலி தணிந்து, தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். புத்தாண்டுக்கு அனுப்பிய மீன் கெடாமல் வந்திருக்கும். என் எழுத்தின் அலங்கோலத்தை மன்னிக்க வேண்டும். கோபத்தில் எழுதுகிறேன்.

மச்சான், நீங்கள் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், நியாயம் தெரிந்தவர். அதனால்தான் இதை உங்கள் முன் வைக்கிறேன். உங்கள் தங்கை சுமியே என் வீட்டை விட்டுப் போய் ஐந்து மாதம் ஆகிறது. 'விட்டுப் போய்' என்ற சொல்லை அவள் ஒப்புக்கொள்ள மாட்டாள். மகள் மிஹோவுக்குப் பிரசவம், நாற்பது நாளில் வந்துவிடுகிறேன் என்றுதான் ஒசாகாவுக்கு ரயில் ஏறினாள். குழந்தை பிறந்தது, நாற்பது நாள் முடிந்தது, எழுபதும் முடிந்தது. எப்போது வருகிறாய் என்று கேட்பதற்காக நான் அவளுக்கு போன் செய்ததே இல்லை, அந்த அளவுக்கு எனக்கும் தன்மானம் உண்டு. சோயா சாஸ் எங்கே, குளிர்காலக் காலுறை எங்கே, குப்பைப் பை எந்த அலமாரியில் என்று கேட்பதற்குத்தான் செய்தேன். ஒருநாள் ஏழு தடவை செய்தேன் என்கிறாள். ஏழாவது தடவை கேட்டது டின் ஓப்பனர். கையில் கானாங்கெளுத்தி டின்னை வைத்துக்கொண்டு ஒரு மனிதன் பசியோடு கேட்கிறான், அதற்கு அவள் சொன்ன பதிலைக் கேளுங்கள்.

"முப்பத்திநாலு வருஷமா அதே வீட்லதானே இருக்கீங்க. ஒரே ஒரு மாசம் எனக்கு போன் வராம இருந்து காட்டுங்க. அப்புறம் நான் வர்றதப் பத்திப் பேசலாம்."

போனை வைத்துவிட்டாள். டின்னை நான் ஸ்க்ரூ டிரைவரால் திறந்தேன். கையில் தழும்பு இன்னும் இருக்கிறது.

மறுநாள் செய்தித்தாளோடு ஒரு துண்டுத்தாள் வந்தது. பக்கத்து ஊரிலிருக்கும் மகளிர் கல்லூரியில் 'இணைய அறிமுகமும் வலைப்பக்க உருவாக்கமும்' என்று ஒரு பாடமாம், ஊர்ப் பொதுமக்களுக்கும் சில இடங்கள் உண்டாம், உலகத்தில் எந்தத் தகவலையும் நொடியில் கண்டுபிடிக்கலாமாம். எனக்கு வேண்டியது அதுதானே? சேர்ந்தேன். பொதுமக்களில் சேர்ந்தது நான் ஒருவன்தான். மற்ற இருபத்தாறும் பத்தொன்பது வயதுப் பெண்கள். முதல் நாளே பக்கத்து இருக்கைப் பெண், ஹட்டோரி சிஹாரு என்று பெயர், "தாத்தா, மவுஸ தலைகீழா புடிச்சிருக்கீங்க" என்றாள். பேத்தி பிறந்திருக்கிறாள், உண்மைதான், ஆனாலும் அதை இவள் சொல்லலாமா? எங்கள் ஆசிரியை குசுமி, முப்பது வயது இருக்காது, எந்தக் கேள்வியை வேண்டுமானாலும் தேடல் பெட்டியில் எழுதுங்கள் என்றார். 'சுமியே டின் ஓப்பனரை எங்கே வைத்திருக்கிறாள்' என்று எழுதினேன். அந்த எந்திரம் எனக்கு டின் ஓப்பனரின் சரித்திரத்தைக் காட்டியது. ஜெர்மனியில் ஒருவர் எண்ணூறு டின் ஓப்பனர் சேர்த்து வைத்திருக்கிறாராம். என்னுடைய ஒன்றைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. இது மோசடி இல்லையா என்று ஆசிரியையைக் கேட்டேன். "யாராவது எழுதி வச்சிருந்தாத்தான் சார் இணையத்துல கிடைக்கும்" என்றார்.

யாராவது என்றால் யார்? சுமியே எழுத மாட்டாள். பாட முடிவில் ஆளுக்கு ஒரு வலைப்பக்கம் உருவாக்கினால்தான் சான்றிதழ் என்றும் சொல்லியிருந்தார்கள். ஒரே கல்லில் இரண்டு மாங்காய். அன்றே முடிவு செய்துவிட்டேன். பெண்கள் எல்லாரும் பூனை பற்றியும் பாடகர்கள் பற்றியும் பக்கம் போட்டபோது, நான் 'உகாய் வீட்டில் எது எங்கே' என்று தலைப்பிட்டேன். நவம்பர் முழுவதும் வீட்டைக் கவிழ்த்துப் போட்டேன். பக்கத்தில் சமையலறை என்ற சொல்லை மவுஸால் தொட்டால் அலமாரிகள் வரும், அலமாரியைத் தொட்டால் தட்டுகள், தட்டைத் தொட்டால் டப்பாக்கள். நானூற்றுப் பன்னிரண்டு பதிவுகள். நகராட்சியில், கையெழுத்துக்கு ஈடான முத்திரைகளைப் பதியும் பிரிவில் முப்பத்தாறு வருடம் இருந்தவன் நான், பதிவேடு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும். டின் ஓப்பனர் நூற்று மூன்றாவது பதிவு. அரிசி களையும் கூடைக்குள் இருந்தது. எந்த நியாயத்தில் அங்கே இருந்தது என்று நான் கேட்கவில்லை, போன் செய்யக் கூடாது அல்லவா.

ஒரே ஒரு சங்கடம். என் வீட்டில் கணினி கிடையாது. ஆகவே காலையில் மிசோ விழுது எங்கே என்று மறந்துபோனால் ரயில் பிடித்து, நாற்பது நிமிடம் பயணம் செய்து, கல்லூரிக் கணினி அறையில் பார்த்துவிட்டு, திரும்பி வந்துதான் சூப் வைக்க முடியும். அச்சிட்டு வைத்துக்கொள்ளலாமே என்று சிஹாரு கேட்டாள். 'மூன்று மாதத்துக்கு மேல் பழைய நகல் செல்லாது' என்று முப்பத்தாறு வருடம் ஊருக்குச் சொன்னவன் நான். என் சமையலறையில் நகலை ஒட்டி வைப்பேனா? மாதாந்திர ரயில் பாஸ் வாங்கிக்கொண்டேன்.

டிசம்பரில்தான் வந்தது வினை. சக மாணவிகள் ஐந்து பேரின் பக்கங்களுக்கு நம் பக்கத்திலிருந்து இணைப்பு கொடுக்க வேண்டும், கொடுக்குமுன் உரியவரின் அனுமதியைக் கேட்பதுதான் மரியாதை என்று ஆசிரியை பாடம் எடுத்தார். எனக்கு மிகவும் பிடித்துப்போன ஒரே பாடம் அது. பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? 'ஏய், உன்னத போட்டுக்கவா', 'ம்', முடிந்தது. இதற்குப் பெயர் அனுமதியா? நான் முறையாக, மடிப்புத் தாளில், தூரிகையால், பருவ வாழ்த்தோடு தொடங்கி, 'தங்கள் செல்வியின் பக்கத்தை என் பக்கத்தோடு சேர்த்துக்கொள்ளப் பெரியோர்களின் சம்மதத்தை வேண்டுகிறேன்' என்று எழுதி, அடியில் என் பதிவு முத்திரையையும் பதித்து, ஐந்து பெண்களின் வீட்டுக்கும் தபாலில் அனுப்பினேன். பத்தொன்பது வயது, சட்டப்படி இருபது ஆகும்வரை பெரியவர்கள் இல்லை, பெற்றோர் சம்மதம் வேண்டாமா? இதில் என்ன தவறு?

அடுத்த ஞாயிறு சிஹாருவின் அப்பா கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு, கையில் பலகாரப் பெட்டியோடு என் வாசலில் நின்றார். உள்ளே வந்து, மண்டியிட்டு, தலை பாயில் படும்படி வணங்கினார். இவ்வளவு கௌரவமான சம்பந்தம் தேடி வந்தது தங்கள் குடும்பத்தின் பாக்கியம், ஆனால் மகள் ஒரே பிள்ளை, படிப்பு முடியவில்லை, தயவு செய்து மன்னிக்க வேண்டும், தங்கள் மகனுக்கு நல்ல இடம் அமையும் என்றார். எனக்கு மகனே இல்லை என்றேன். அவர் முகம் போன போக்கை நான் மறக்க மாட்டேன். அப்படியானால் மாப்பிள்ளை யார் என்று அவர் கேட்கவில்லை, பலகாரப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விட்டார். மறுநாள் கல்லூரியில் நான் மன்னிப்புக் கேட்க வேண்டியதாயிற்று. மரியாதையாக நடந்ததற்கு மன்னிப்பு. சிஹாரு மட்டும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், மற்ற நான்கு பெண்களிடமும் அவளே பேசி இணைப்புகளை வாங்கிக் கொடுத்தாள். அவள் நல்ல பெண்தான், அதையும் சொல்லிவிடுகிறேன்.

இத்தோடு போகட்டும் என்றிருந்தேன். இரண்டாயிரம் பிறந்ததும் உலகத்துக் கணினிகள் எல்லாம் நின்றுவிடும் என்றார்களே, அப்படி நின்றிருந்தாலாவது எனக்கு நிம்மதி. நிற்கவில்லை. நானோ பக்கத்தின் முகவரியைப் புத்தாண்டு அட்டையில் அச்சிட்டு நூற்று நாற்பது பேருக்கு அனுப்பியிருந்தேன், உங்களுக்கும் வந்திருக்கும். ஜனவரி ஆறாம் தேதி புறக்காவல் நிலையத்திலிருந்து ஓர் இளம் காவலர் வந்தார். வணக்கம் சொல்லிவிட்டு நேராகச் சமையலறைக்குப் போய், அரிசிப் பெட்டியைத் திறந்து, முழங்கை வரை உள்ளே விட்டு, தேயிலை டப்பாவை எடுத்து, அதற்குள் வங்கிப் புத்தகமும் பதிவு முத்திரையும் பத்திரமாக இருக்கின்றனவா என்று பார்த்தார். நான் வழி சொல்லவே இல்லை, மச்சான். இருநூற்று எண்பத்தேழாவது பதிவு அவ்வளவு தெளிவாக இருந்திருக்கிறது. பாராட்டுவார் என்று நினைத்தேன். கல்லூரிக்கு போன் போட்டுவிட்டுப் போனார்.

ஆசிரியை குசுமி என்னைத் தனியாக அழைத்தார். "சார், ஒரு திருடன் இத படிச்சா பத்து நிமிஷத்துல வேலைய முடிச்சுட்டுப் போயிடுவான். அந்த ஒரு வரிய எடுத்துடுங்க, நான் பாஸ் போட்டுடறேன்." எடுக்க மாட்டேன் என்றேன். ஒரு பதிவை மறைத்த பதிவேடு பொய்ப் பதிவேடு. எத்தனை பெரிய மனிதர்கள் என் மேசைக்கு முன் நின்று ஒரு வரியை மட்டும் விட்டுவிடச் சொல்லிக் கெஞ்சியிருக்கிறார்கள், விட்டேனா? அப்படியானால் டப்பாவையாவது வேறு இடத்தில் வையுங்கள் என்றார். அது சுமியே வைத்த இடம். அவள் வைத்ததை மாற்ற நான் யார்? அவள் வந்து கையை விட்டுத் தேடும்போது இல்லையென்றால் பயந்துபோக மாட்டாளா? இதையெல்லாம் சொன்னேன். என் பெயருக்கு எதிரே 'முழுமை பெறவில்லை' என்று எழுதிவிட்டார். வகுப்பிலேயே முழுமையான பக்கம் என்னுடையது ஒன்றுதான். பூனை பற்றி ஆறு வரி எழுதியவளுக்குச் சான்றிதழ், எனக்கு இல்லை.

ஆகவே மச்சான், உங்களிடம் இரண்டு வேண்டுகோள். தலைமையாசிரியராக இருந்தவர் என்ற முறையில் அந்தக் கல்லூரி முதல்வருக்கு நீங்கள் ஒரு கடிதம் எழுத வேண்டும். அதைவிட முக்கியமாக, சுமியேவுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். ஒரு மாதம் கேட்டாள். எண்பத்திரண்டு நாளாக நான் அவளுக்கு ஒரு போன்கூடச் செய்யவில்லை. சான்றிதழ் இல்லாவிட்டாலும் தேறியவன் தேறியவன்தான். வார்த்தையைக் காப்பாற்றி அவள் வீடு திரும்ப வேண்டும். நான் நேரில் கேட்டால் கெஞ்சுகிறேன் என்று நினைத்துக்கொள்வாள், அதனால்தான் உங்கள் மூலம் கேட்கிறேன்.

பனி கூடும் நாட்கள் வருகின்றன. உடம்பைப் போர்த்திப் பாதுகாத்துக்கொள்ளுங்கள். தங்கள் குடும்பத்தார் அனைவரும் நீண்ட ஆயுளோடு இருக்க வேண்டுகிறேன்.

பணிவுடன்,
உகாய் தெய்ஜி
(முத்திரை)

பின்குறிப்பு: ஜனவரி 23. மேலே எழுதியது எதையும் பொருட்படுத்த வேண்டாம். முதல்வருக்குத் தயவு செய்து எழுதிவிடாதீர்கள். உறையை ஒட்டி வைத்திருந்தபோது, நேற்று மாலை சுமியேவே போன் செய்தாள். மிஹோ வீட்டுக் கணினியில் என் பக்கத்தைத் தொடக்கம் முதல் கடைசி வரை படித்தாளாம். என்னைத் திட்டவே இல்லை.

"எல்லாம் சரியா எழுதியிருக்கீங்க. இருபத்தெட்டாவது மட்டும் வினிகர் இல்ல, சமையல் சாராயம். நீங்க எப்படித்தான் தனியா இருக்கப்போறீங்களோன்னு எனக்கு ராத்தூக்கமே இல்ல. இப்பதான் மனசு நிம்மதியாச்சு. மிஹோ ஏப்ரல்ல வேலைக்குத் திரும்பணும், குழந்தைய நான் பாத்துக்கறேன்னு சொல்லிட்டேன். ஒரு ரெண்டு வருஷம். இனிமே உங்களுக்கு நான் அவசரமா வரணும்னு இல்லியே."

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள், நான் என் பக்கத்தால் கெட்டேன். நல்லது என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். நானூற்றுப் பன்னிரண்டு பொருளும் அதனதன் இடத்தில் இருக்கின்றன, மச்சான், இரவு முழுக்க அவற்றின் நடுவில் உட்கார்ந்திருந்தேன். அவள் இல்லாமல் எனக்கு அந்த வீடு வேண்டாம். இதை முப்பத்திநாலு வருடத்தில் நான் யாரிடமும் சொன்னதில்லை.

இன்று ஞாயிறு. ஆசிரியை குசுமியின் வீட்டுக்கே போய் என் பக்கத்தை அழித்துவிடச் சொன்னேன். அந்த ஒரு வரியைத்தானே என்று மகிழ்ந்துபோய், அங்கேயே சான்றிதழில் கையெழுத்துப் போட வந்தார். முழுப் பக்கத்தையும் என்றேன். சான்றிதழும் வேண்டாம், என்னைத் தேறாதவன் என்று எழுதிக்கொள்ளுங்கள் என்றேன். ஏன் சார் என்று அவர் கேட்கும்போது நான் வாசலில் காலணி மாட்டிக்கொண்டிருந்தேன்.

இப்போது உங்களிடம் கேட்பது ஒன்றே ஒன்று. சுமியேவுக்கு இன்றே போன் செய்து, பக்கம் அழிந்துபோயிற்று, உன் புருஷனுக்கு வீட்டில் எது எங்கே என்று எதுவும் நினைவில்லை, இரண்டு நாளாக உப்பில்லாமல் சாப்பிடுகிறான், ஆளே பாதியாகிவிட்டான் என்று சொல்லுங்கள். உப்பு சமையலறை இரண்டாம் அலமாரியில், மேல் தட்டில், நீல மூடி போட்ட ஜாடியில் இருக்கிறது. அது எனக்குத் தெரியும் என்பதை மட்டும் அவளிடம் சொல்லிவிடாதீர்கள்.