ஆள் மாறிய ஜெபம்

"ஆமென்" சொல்லிக் கண்ணைத் திறந்தபோதுதான், ஆள் மாறிப்போனது அன்புச்செல்விக்குத் தெரிந்தது.

காந்திபுரம் சபைக்குப் புதிதாக வந்த தம்பிதுரை ஆபரேஷன் முடிந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறார், போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள் என்று போதகர் அனுப்பியிருந்தார். பெண்கள் ஐக்கியத்துக்குச் செயலாளர் ஆனபின் அவளுக்கு இதுதான் முதல் வேலை. தலையோடு போர்த்தித் தூங்கியவரை எழுப்ப வேண்டாமென்று, பேர்கூடக் கேட்காமல் ஜெபத்தைத் தொடங்கியிருந்தாள். இப்போது எழுந்து உட்கார்ந்திருந்த பெரியவருக்கு நெற்றி நிறையத் திருநீறு.

உண்மையைச் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ரெண்டு பசங்க திருப்பூர்ல ஆளுக்கொரு கம்பெனி வச்சிருக்கறானுங்க. ஒரு எஸ்.டி.டி. போன்கூடக் கெடையாதுங்க. நீங்க யாரு பெத்த மகராசிகளோ!"

சொல்ல வந்ததை விட்டுவிட்டு அவருக்குத் தலையணையைச் சரிசெய்தாள்.

"என்ன, திருநீறு பூசியிருக்கறாரு?" என்று கூட வந்த இளவேனில் கிசுகிசுத்தாள்.

"சபைக்குப் புதுசுங்கக்கா. பழக்கம் போக நாளாகும்" என்று அவிழ்த்துவிட்டாள் அன்புச்செல்வி.

அது போதாதா? புதியவரைக் கைவிடலாமா என்று பெண்கள் முறை போட்டுக்கொண்டு, தினமும் சாயங்காலம் கஞ்சி, ரசம், பாட்டு என்று கிளம்பிவிட்டார்கள். "தம்பிதுரை ஐயா" என்று கூப்பிட்டால், அந்தப் பேருக்கும் "ஏனுங்க அம்மணி" என்று வாயெல்லாம் பல்லாகத் திரும்பினார் அவர்.

அன்புச்செல்வி நர்ஸிடம் விசாரித்தாள். நிஜத் தம்பிதுரையையாவது சரிக்கட்டலாம் என்று வெள்ளிக்கிழமை பழத்தோடு அடுத்த வார்டுக்கு ஓடினாள். காந்திபுரம் சபை என்று சொன்னதுதான் தாமதம், மனிதர் வெடித்தார்.

"இப்பத்தான் வழி தெரிஞ்சுதுங்களா? பக்கத்து வார்டுல யாரோ ஒருத்தருக்குத் தெனமும் பாட்டென்ன, கஞ்சியென்ன! அது சபை! ஞாயித்துக்கெழமை கோயிலுக்கு வந்து எல்லாரு முன்னாலயும் கேக்கறேன் பாருங்க."

அவர் புகழ்ந்த சபையும் திட்டிய சபையும் ஒன்றுதான் என்று சொல்ல அவளுக்குத் தைரியமில்லை.

அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. பதவி போனால் போகிறது. ஆனால் நாதியில்லாமல் கிடக்கும் மனிதரிடம், "நாங்க தேடி வந்தது உங்களை இல்லீங்க" என்று எப்படிச் சொல்வது? சொல்லித்தான் ஆகவேண்டும். மற்றவர்கள் வருமுன் முடித்துவிடலாமென்று சனிக்கிழமை காலையிலேயே போனாள்.

கட்டில் காலி. மெத்தையைச் சுருட்டி வைத்திருந்தார்கள்.

கர்த்தாவே, கடைசிவரை அந்த மனிதரை ஏமாற்றியே அனுப்பிவிட்டேனே! அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

கூட்டிக்கொண்டிருந்த ஆயா முத்தாத்தாள் விளக்குமாற்றைப் போட்டுவிட்டு ஓடிவந்தாள். "ஏனுங்கம்மணி அழுவறீங்க?"

"இங்க படுத்திருந்த பெரியவரு... எப்பங்க போனாரு?"

"அவருங்களா? புதங்கெழமையே நல்லாயிருச்சுன்னு ஊட்டுக்கு அனுப்பிச்சுப்போட்டாங்களே! நீங்கெல்லாம் வர்ற நேரத்துக்குத்தான் தெனமும் அன்னூர்ல இருந்து பஸ் ஏறி வந்து படுத்துக்கறாருங்க."