ஞாயிறுதோறும் படுத்துக்கொள்ளும் கார்

சொந்தக் கையால் கார் கட்டுகிறவர்கள் எல்லாரும் அது ஓட வேண்டும் என்றுதான் ஆசைப்படுவார்கள். நம் பூகோள வாத்தியார் மட்டும், கட்டி முடித்த கையோடு, இந்த வண்டி ஞாயிற்றுக்கிழமைகளில் ஓடவே கூடாது என்று தீர்மானம் செய்தார்.

மூளை குழம்பி எடுத்த முடிவில்லை. நாற்காலியில் சாய்ந்து, காலை நீட்டி, நிதானமாக எடுத்த முடிவு.

பெட்டி பெட்டியாக வந்து இறங்கிய கார் அது. ஃபைபர் உடம்பு தனி, இரும்புச் சட்டம் தனி, கதவுகள் தனி, ஒயர்கள் மட்டும் ஒரு மூட்டை. வீட்டை ஒட்டிய ஷெட்டில் போட்டு, கூட வந்த புத்தகத்தைப் பார்த்து ஒவ்வொன்றாக மாட்டினார். பள்ளிக்கூடம் விட்டால் ஷெட். சாப்பாடு முடிந்தால் ஷெட். அங்கே இருக்கும்போது யார் 'என்னங்க' என்று கூப்பிட்டாலும் துளை போடும் மெஷின் சத்தத்தில் கேட்காது. துளை போட எதுவும் இல்லாதபோதும் மெஷின் ஓடியது உண்டு.

ஒயரிங்கில்தான் கார் அவரை ஆட்டி வைத்தது. இண்டிகேட்டர் போட்டால் வைப்பர் ஆடியது. பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடித்தது. ஹாரனை அமுக்கினால் எல்லா விளக்கும் மங்கிப்போய் துக்க வீடு மாதிரி ஆனது. ஃபைபர் உடம்பில் மின்சாரம் திரும்பிப் போக வழி கிடையாது, ஒவ்வொரு விளக்குக்கும் தனித்தனியாக எர்த் ஒயர் இழுத்து இரும்புச் சட்டத்தில் கட்ட வேண்டும் என்பது புத்தகத்தில் தெளிவாகவே இருந்தது. வாத்தியார் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போயிருந்தார். படிக்கச் சொல்கிறவர்களுக்குப் படிக்க ஏது நேரம்?

"வருஷம் பூரா பிள்ளைங்களுக்குப் பூமியைப் பத்தியே பாடம் எடுக்கறீங்க. ஒரு எர்த் கொடுக்கத் தெரியலையா?" என்று மனைவி கேட்டது தெருவுக்கே கேட்டது.

எப்படியோ ஒயர்கள் சொன்ன பேச்சைக் கேட்க ஆரம்பித்தன. ஹாரன் அமுக்கினால் ஹாரன் மட்டும் அடித்தது. சாவியைத் திருப்பினால் ரிலே என்ற சின்னப் பெட்டி 'டக்' என்று குரல் கொடுத்தது, உடனே ஸ்டார்ட்டர் சுற்றியது, வண்டி உயிர் பெற்றது. அன்றைக்குத்தான் வாத்தியார் ஞாயிறுக்கு இன்னும் எத்தனை நாள் என்று காலண்டரைப் பார்த்தார்.

காரணம் வீட்டோடு இருக்கும் மாமியார். வண்டி ஒயர் மூட்டையாகக் கிடந்த காலத்தில், வாத்தியார் வாய் சும்மா இருக்காமல் அவர்களுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். "வண்டி மட்டும் முடியட்டும் அத்தை. ஞாயிறானா உங்க பையன் வீட்டுக்கு நானே கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வரேன்." அத்தை அதைப் பத்திரமாக மனசில் வைத்திருந்தார்கள். காரில் இரண்டே சீட். ஒன்றில் வாத்தியார், இன்னொன்றில் அத்தை. மச்சான் வீடு ஊரின் மறுகோடி. அத்தையின் பேச்சுக்குக் கமா உண்டு, முற்றுப்புள்ளி கிடையாது. போகும்போது மருமகள் செய்த தப்பு, வரும்போது மருமகன் செய்யாத வேலை. இதற்கு நடுவில் மச்சான் வேறு உட்கார வைத்து முன்னேறுவது எப்படி என்று வகுப்பெடுப்பார்.

வாரம் முழுக்கப் பிள்ளைகள் சத்தம். ஷெட்டில் கிடைக்கும் ஞாயிறு ஒன்றுதான் அவருக்கு மிச்சம். அதை விட்டுக்கொடுக்க அவர் என்ன மகானா?

ஒரு சுவிட்ச் வாங்கினார். தன் சீட்டுக்கு அடியில், கைக்கு எட்டும், கண்ணுக்கு எட்டாத இடத்தில் மாட்டினார். முன்னால் தள்ளினால் வண்டி கிளம்பும். பின்னால் இழுத்தால் ரிலே வாயைத் திறக்காது. ஆனால் சாமர்த்தியம் அதில் இல்லை. மின்சாரம் ரிலேக்குள் வருகிற ஒயரை வெட்டினால் சோதனை விளக்கு வைத்திருக்கும் எவனும் கண்டுபிடித்துவிடுவான். வாத்தியார் மின்சாரம் திரும்பிப் போகிற எர்த் ஒயரை வெட்டி, அங்கே சுவிட்சைச் செருகினார். இப்போது எங்கே தொட்டாலும் விளக்கு எரியும். வண்டி மட்டும் கிளம்பாது. தன் முதுகைத் தானே தட்டிக்கொடுக்கக் கை எட்டவில்லையே என்ற ஒரே வருத்தம்தான் அவருக்கு.

முதல் ஞாயிறு அத்தை பையும் கையுமாக ஏறி உட்கார்ந்தார்கள். வாத்தியார் சாவியைத் திருப்பினார். நிசப்தம். எதிர் வீட்டு ரேடியோ ரிப்பேர்க்காரர் தானாகவே சோதனை விளக்கோடு ஓடி வந்தார்.

"கரண்ட் வருதே சார்."

"வருது."

"ரிலேக்கும் வருதே."

"அதான் எனக்கும் புரியல," என்றார் வாத்தியார், ரொம்பக் கவலையாக.

"தள்ளி ஸ்டார்ட் பண்ணிடலாமா?"

"ஃபைபர் உடம்புங்க. கை வெச்சா விரிசல் விட்டுடும்."

ரேடியோக்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போனார். அத்தை பெருமூச்சோடு இறங்கினார்கள். வாத்தியார் ஷெட் கதவைச் சாத்திக்கொண்டு, ரிப்பேர் பார்க்கிற பாவனையில், ஸ்பேனரைக் கையில் பிடித்தபடியே தூங்கினார்.

சனிக்கிழமை கதையே வேறு. அன்றைக்குப் பள்ளி லீவு, மனைவிக்கு ஆஸ்பத்திரி டியூட்டி, எதிர் வீட்டு ரேடியோக்காரர் கடையில் இருப்பார், அத்தை மத்தியானம் படுத்தால் சாயங்காலம்தான் எழுவார்கள். சுவிட்சை முன்னால் தள்ளி, ஊரை ஒரு ரவுண்டு அடித்துவிட்டு, பூனை மாதிரி வந்து வண்டியை ஷெட்டில் விட்டுவிடுவார். இப்படிச் சில வாரங்கள் ராஜபோகமாகப் போயின.

மனைவி வார்டு சிஸ்டர். ஒரு சனிக்கிழமை அவளை இரவு டியூட்டிக்கு மாற்றி, இரவுக்கு வந்தால் போதும் என்று பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். சாயங்காலமே வீடு திரும்பியவள் நேராக ஷெட்டுக்கு வந்தாள். காரின் முன்மூடி மேல், நோயாளி நெற்றியில் வைப்பது போல் புறங்கையை வைத்தாள்.

"எழுந்து நடக்கவே முடியலைன்னு சொன்னீங்க. உடம்பு இப்படிச் சுடுதே?"

"வெயிலா இருக்கும்."

"ஷெட்டுக்குள்ள ஏதுங்க வெயில்?"

"ஃபைபர். சூட்டை வாங்கி வெச்சுக்கும். அது ஒரு சயின்ஸ்."

"வலி எப்பப்ப வருது இதுக்கு?"

"வலியா?"

"அதான், நோய். தினம் வருதா, விட்டு விட்டு வருதா?"

"ஞாயித்துக்கிழமை வருது."

"விசிட்டர் வர்ற நேரத்துல மட்டும். சரி சரி," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள்.

அவள் கத்தியிருந்தால் வாத்தியார் நிம்மதியாக இருந்திருப்பார். 'சரி சரி' அவரைக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் மறுநாள் வண்டி வழக்கம்போல் படுத்துக்கொண்டது, அத்தை வழக்கம்போல் இறங்கினார்கள், அவரும் வழக்கம்போல் தூங்கினார். இரவு டியூட்டி முடித்து வந்த மனைவி கண்ணை மூடப் பார்க்க, அத்தை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகன் வீட்டில் சொல்ல வேண்டியதை எல்லாம் மகளிடம் சொல்லி முடித்தார்கள். மகளைப் பிடித்துவைத்துப் பேசுவது ஞாயிறுதோறும் நடப்பதுதான். ஷெட் கதவு கெட்டியானது என்பதால் வாத்தியாருக்குத் தெரியாது.

அடுத்த சனிக்கிழமை. மனைவி கடைக்குப் போயிருந்தாள், அத்தை தூங்கிக்கொண்டிருந்தார்கள். சுவிட்சை முன்னால் தள்ளி, உற்சாகமாகச் சாவியைத் திருப்பினார். நிசப்தம்.

இன்னொரு முறை திருப்பினார். நிசப்தம் இன்னும் நன்றாகக் கேட்டது.

பேட்டரி முனைகளைச் சுரண்டினார். ஃப்யூஸ்களைக் கழற்றி ஊதி மாட்டினார். சோதனை விளக்கு வைத்த இடமெல்லாம் பளிச்சென்று எரிந்தது. ரிலேயைக் கழற்றி நேராக பேட்டரியில் கொடுத்தால் 'டக்' என்று அழகாகப் பேசியது. வண்டியில் திரும்ப மாட்டினால் மௌன விரதம். எர்த் ஒயர் சட்டத்தில் சேரும் இடத்தை உப்புத்தாள் போட்டுத் தேய்த்தார். சட்டம் பளபளத்தது, வண்டி அசையவில்லை. ரேடியோக்காரரை எந்த வலையில் தள்ளினாரோ அதே வலையில் இப்போது அவரே கவிழ்ந்து கிடந்தார். பேட்டரியைச் சந்தேகப்பட்டார், ஒயர் கம்பெனியைச் சந்தேகப்பட்டார், கிரக பலனைச் சந்தேகப்பட்டார். சீட்டுக்கு அடியில் இருந்த சுவிட்சை மட்டும் சந்தேகப்படவில்லை. அது அவரே மாட்டியதாயிற்றே.

டியூட்டிக்குக் கிளம்பும் முன் மனைவி எட்டிப் பார்த்தாள். "இன்னும் அதே பிராப்ளமா?"

"அதேதான்."

"அப்போ முகம் ஏன் இப்படி இருக்கு? போன வாரமெல்லாம் சிரிச்ச முகமா ரிப்பேர் பார்த்தீங்களே."

வாத்தியார் வண்டிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டார். முகத்தை வைக்க அப்போது வேறு இடம் தெரியவில்லை.

ஞாயிறு விடிந்தபோது மனசு கொஞ்சம் தேறியிருந்தது. ஒரு வகையில் நல்லதுதானே? நடிக்க வேண்டிய அவசியம்கூட இல்லை, நோய் நிஜம். அத்தை ஏறி உட்கார்ந்தார்கள். மனைவி டியூட்டி உடுப்பைக்கூட மாற்றாமல், சிவந்த கண்களோடு ஷெட் வாசலில் வந்து நின்றாள். வாத்தியார் எதற்கும் இருக்கட்டும் என்று, வழக்கம்போல் சுவிட்சைப் பின்னால் இழுத்துவிட்டு, சோகத்தை முகத்தில் வரவழைத்துக்கொண்டு, சாவியைத் திருப்பினார்.

டக்.

ஸ்டார்ட்டர் சுற்றியது. இன்ஜின் உற்சாகமாக உறுமியது. வாத்தியார் சாவியைப் பாம்பைப் பார்ப்பது போல் பார்த்தார்.

"கை ராசி மாப்பிள்ளை உங்களுக்கு," என்றார்கள் அத்தை, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு.

மனைவி வாத்தியார் பக்கத்து ஜன்னலில் குனிந்தாள். இன்ஜின் சத்தத்தில் அத்தைக்குக் கேட்காத அளவுக்குப் பேசினாள்.

"வார்டுல மாத்திரையை முழுங்காத பேஷண்ட் அதைத் தலகாணிக்கு அடியிலதான் ஒளிச்சு வைப்பான். இங்க தலகாணி இல்ல, சீட்டுதான் இருந்துது. தேடினேன்."

வாத்தியாரின் கை தானாகச் சீட்டுக்கு அடியில் போய்ச் சுவிட்சைத் தடவியது.

"கழட்டித் தூரப் போட்டிருப்பேன். பாவம், ஆசையா மாட்டினதாச்சேன்னு மரையை லூஸ் பண்ணி, சுவிட்சைத் தலைகீழாத் திருப்பி, முடுக்கி வெச்சேன். இப்ப முன்னால தள்ளினா நிக்கும், பின்னால இழுத்தா ஓடும்."

நேற்று முழுக்கத் தேய்த்த உப்புத்தாள் வாத்தியாரின் கண் முன்னால் வந்து போனது. அவமானமாக இருந்தது. ஆனாலும் உள்ளுக்குள் ஒரு சின்ன நம்பிக்கை துளிர்த்தது. இவ்வளவுதானே. அடுத்த வாரம் அவரும் திருப்பிவிடலாம்.

"திருப்பிக்கோங்க," என்றாள் அவள், அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு. "நீங்க தூங்கின பிறகு நான் மறுபடி திருப்புவேன், திருப்பாமலும் விடுவேன், எதுன்னு உங்களுக்குத் தெரியாது. இல்ல, பேசாம அம்மாகிட்ட சீட்டுக்கு அடியில ஒண்ணு இருக்குன்னு சொல்லிடவா?"

"வேண்டாம்," என்றார் வாத்தியார் அவசரமாக.

"அப்ப ஜாக்கிரதையாப் போயிட்டு வாங்க. நான் ஷெட்டுல படுத்துக்கறேன். உங்க நாற்காலி நல்லா சாயுதுங்க, போன வாரமே பார்த்து வெச்சேன்."

கார் தெருவில் இறங்கியது. ஷெட் கதவு உள்ளே தாழிடப்படும் சத்தம் பின்னால் கேட்டது. ஹாரன் சரியாக அடித்தது, இண்டிகேட்டர் சரியாக மின்னியது, எந்த ஒயரும் எந்த ஒயரோடும் சண்டை போடவில்லை. வாத்தியார் தன் வாழ்க்கையில் செய்த முதல் பிழையில்லாத வேலை இதுதான். சீக்கிரம் போய்ச் சேர்ந்தால் சீக்கிரம் திரும்பலாம் என்று ஆக்ஸிலரேட்டரை அழுத்தினார்.

அத்தை அவர் முழங்கையைத் தொட்டார்கள்.

"கொஞ்சம் மெதுவாவே போங்க மாப்பிள்ளை. சொல்ல வேண்டியது நிறைய இருக்கு."