போத்தலோடு போன புரட்சி

எங்களுடைய இந்த வருடக் கலியாண நாளன்று, சாப்பாட்டு மேசையில் வைத்து, எல்லாருக்கும் கேட்கும்படி, "மாட்டேன்" என்று சொல்லிவிடுவதென முடிவெடுத்தேன். எடுத்தது குளியலறையில். கதவைப் பூட்டிக்கொண்டு, தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டு. முடிவு முடிவுதானே, எங்கே எடுத்தால் என்ன?

யாருக்கு "மாட்டேன்" சொல்ல வேண்டியிருந்தது என்றால், இராஜரட்ணத்துக்கு. என் மனைவி யோகராணியின் மூத்த அண்ணன். அவளை ஸ்பொன்சர் செய்து கனடாவுக்குக் கூப்பிட்டவர். அன்றைக்குக் கூப்பிடத் தொடங்கியவர் இன்னும் நிறுத்தவில்லை. தங்கச்சி இஞ்ச வா, தங்கச்சி அங்க வா, வரேக்க அந்த மனுசனையும் கூட்டிக்கொண்டு வா. அந்த மனுசன் நான். உமாபதி என்று எனக்கு ஒரு பெயர் இருக்கிறது. மச்சானுக்கு அது அவசரத்துக்கு நினைவு வராது.

இப்போது அவர் எங்களைக் கூப்பிடுவது ஓஷவா நகரத்துக்கும் அப்பால். அங்கே புதிதாய்க் கட்டுகிற பென்னம்பெரிய வீடொன்றை இரண்டு குடும்பமும் சேர்ந்து வாங்கி, ஒரே கூரைக்குக் கீழே வாழ வேண்டுமாம். அதற்கு மல்வேர்னில் இருக்கும் எங்கள் டவுன்ஹவுஸை விற்க வேண்டுமாம். மேல்மாடி அவருக்கு. கீழ்மாடி சாமிக்கும் விருந்தாளிகளுக்கும். எங்களுக்கு பேஸ்மென்ட்.

யோகராணியிடம் கேட்டுப் பார்த்தேன்.

"நீர் என்ன நினைக்கிறீர்?"

"அண்ணை யோசிச்சுத்தான் சொல்லுவார்."

"பேஸ்மென்டில யன்னல் இருக்குமோ?"

"அண்ணையிட்டக் கேளுங்கோ."

"நான் ஏன் கேக்க?"

"அப்ப யன்னல் இல்லாமல் இருங்கோ."

பேச்சுவார்த்தை முறிந்தது.

எனக்குத் தைரியம் இல்லை என்று நினைக்க வேண்டாம். நிறைய இருக்கிறது. வெளியே வர அதற்கு ஒரு வழிதான் வேண்டும். இரண்டு கிளாஸ் உள்ளே போனால் அது வெளியே வரும். ஒருமுறை ஒரு கலியாண வீட்டில் அப்படித்தான் வந்தது. மைக்கைப் பிடுங்கி, பிரியாணியில் இறைச்சி இல்லை என்று மண்டபத்துக்கே அறிவித்தேன். பொய்யில்லை. இறைச்சி இல்லைத்தான். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் போத்தலும் இல்லை. யோகராணியின் சட்டம்.

அப்போதுதான் பக்கத்து வீட்டு கிளிபோட் வேலிக்கு மேலால் ஒரு தகவல் சொன்னான்.

"அண்ணை, டான்போர்த்தில ஒரு இத்தாலியன் சாப்பாட்டுக் கடை இருக்கு. உங்கட வைனை நீங்களே கொண்டு போகலாம்."

"பொலிஸ் பிடிக்காதோ?"

"சட்டப்படி, அண்ணை. கடைக்காரன் அதுக்கு அனுமதி எடுத்து வைச்சிருக்கிறான். கோர்க்கேஜ் மட்டும் குடுக்கவேணும்."

"அதென்ன கோர்க்கேஜ்?"

"தக்கை இழுக்கிற கூலி."

"என்ர போத்தல், என்ர தக்கை. நானே இழுக்கிறனே?"

"நீங்கள் இழுத்தாலும் அவனுக்குத்தான் கூலி."

அட, எங்கள் வீட்டு நடைமுறைதான். எனக்குக் கடையைப் பிடித்துவிட்டது.

திட்டம் தயாரானது. கலியாண நாள் சாப்பாட்டுக்கு இராஜரட்ணத்தையும் யோகராணி எப்படியும் கூப்பிடுவாள். அவர் வீட்டுக் கதையை எடுப்பார். நான் இரண்டு கிளாஸ் எடுப்பேன். பிறகு "மாட்டேன்" என்பேன். வீடு இரண்டுபட்டால், அடுத்த நாள் காலையில் தலையைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, வெறியில என்ன கதைச்சன் எண்டே தெரியேல்லை" என்பேன். வென்றால் வீரம். தோற்றால் வெறி. இப்படி ஒரு யுத்தத்தில் தோற்க முடியுமா, சொல்லுங்கள்?

போத்தல் வாங்கினேன். யோகராணியின் முன்னால் வைத்தேன்.

"இஞ்சரும், அந்தக் கடைக்கு வைன் கொண்டு போகவேணுமாம்."

"வேணுமாமோ? போகலாமாமோ?"

"இத்தாலியன் மரியாதை அப்பா. வெறுங்கையோட போனால் குறைவா நினைப்பாங்கள்."

அவள் போத்தலைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். திரும்பவும் போத்தலைப் பார்த்தாள்.

"அண்ணைக்கு முன்னால குடிக்கப் போறியளோ?"

"ஓம். கலியாண நாள்தானே."

"சரி."

எங்கள் வீட்டில் ஒரு "சரி" இவ்வளவு மலிவாய்க் கிடைத்ததே இல்லை. அங்கேயே நான் விழித்திருக்க வேண்டும். நானோ மனதுக்குள் விழா எடுத்துக்கொண்டிருந்தேன்.

"போத்தலை இஞ்ச தாங்கோ. நீங்கள் எங்கையாவது போட்டு உடைச்சுப்போடுவியள். நானே பையில வைக்கிறன்."

கொடுத்தேன்.

அன்று சனிக்கிழமை. கார் ஓடியது யோகராணி. நான் குடிக்கப் போகிற ஆள் என்பதால் பக்கத்து இருக்கையில் மடியில் பையோடு பொறுப்பாக இருந்தேன். மூக்குக்கண்ணாடி போடவில்லை. போட்டால் புரட்சிக்காரன்போல் இல்லை, ஓய்வுபெற்ற கிளார்க்போல் இருக்கிறது.

கடையில் ஒரே இருட்டு. மேசைக்கு ஒரு மெழுகுதிரி. இராஜரட்ணம் கோட்டும் சூட்டுமாய் முன்னரே வந்து, நடு நாற்காலியில் இருந்தார். அவர் மனைவிக்கு அன்று வேலையாம். அவருக்கோ சனிக்கிழமை விரதம். தண்ணீர் மட்டும் போதுமாம், பிறகு மரக்கறிப் பாஸ்தா ஏதும் பார்க்கலாமாம். இருந்த உடனேயே ஐபேடைத் திறந்து, வீட்டுப் படத்தைத் தண்ணீர்ச் சாடியில் சாய்த்து வைத்தார்.

"தங்கச்சி, இதுதான் உங்கட பேஸ்மென்ட். பார், என்ன வடிவு."

"யன்னல்?" என்றேன்.

"பேஸ்மென்டுக்கு ஏன் யன்னல்? பனிக்காலத்தில வெக்கை வெளியில போயிடும்."

எனக்கு உடனே போத்தல் தேவைப்பட்டது. கை காட்டினேன். நடாஷா என்று சட்டையில் பெயர் குத்தியிருந்த பெண் வந்து போத்தலை எடுத்தாள். மெழுகுதிரிக்குக் கிட்டப் பிடித்து அதில் எழுதியிருந்ததை வாசித்தாள். பிறகு குனிந்து, மெதுவாக, "சேர், ஜஸ்ட் சோ யூ நோ, திஸ் ஒன் இஸ்..." என்று தொடங்கினாள்.

"ஐ நோ," என்றேன். "கோர்க்கேஜ். ஐ நோ எவ்ரிதிங். ஓப்பின் இட்."

நடாஷா யோகராணியைப் பார்த்தாள். யோகராணி அவளைப் பார்த்துச் சிரித்தாள். நடாஷாவும் சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. புரட்சிக்கு முன்னால் சிரிப்பது அழகில்லை.

முதல் கிளாஸ். லேசாக இனித்தது. தொண்டை சூடாகியது. காதுகள் சிவந்திருக்க வேண்டும், கண்ணாடி இல்லாததால் பார்க்க முடியவில்லை.

இரண்டாவது கிளாஸ். கால்கள் மேசைக்குக் கீழே தாளம் போட்டன. நல்ல சாமான். சும்மா இல்லை இத்தாலிக்காரன்.

மூன்றாவது கிளாஸோடு இராஜரட்ணம் இரண்டாகத் தெரிந்தார். ஒரு மச்சானையே தாங்க முடியாதவனுக்கு இரண்டு மச்சான். இதற்கு மேல் பொறுக்கலாமா? எழும்பினேன்.

"மச்சான்!"

பக்கத்து மேசைக்காரரும் திரும்பினார்கள். திரும்பட்டும்.

"நான் வரமாட்டன்!"

"எங்க? டொய்லெட்டுக்கோ?" என்றார் மச்சான்.

"ஓஷவாவுக்கு! ஓஷவாவுக்கும் அங்கால! உங்கட பேஸ்மென்டில இருக்க நான் என்ன வீட்டைச் சூடாக்கிற ஃபேர்னஸே? என்ர வீடு மல்வேர்னில இருக்கு. சின்ன வீடுதான். ஆனா யன்னல் இருக்கு! யன்னலால பார்த்தா பஸ் வாறது தெரியும். அந்த பஸ்ஸில ஏறித்தான் நான் வேலைக்குப் போய் அந்த வீட்டுக் கடனைக் கட்டி முடிச்சனான். அதை விக்கச் சொல்ல நீங்கள் ஆர்?"

இராஜரட்ணத்தின் கையில் தண்ணீர்க் கிளாஸ் அப்படியே நின்றது.

"இன்னொண்டு. கலியாண நாள் எனக்கும் யோகராணிக்கும். நடுவில நீங்கள் ஏன் இருக்கிறியள்?"

இது திட்டத்தில் இல்லை. வைன் தானாகச் சொன்னது.

யோகராணி கைத்துண்டால் முகத்தை மூடிக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. எனக்குக் கொஞ்சம் பாவமாய்ப் போய்விட்டது. ஆனாலும் இருக்கவில்லை. நின்றேன்.

"தங்கச்சி," என்றார் இராஜரட்ணம், கம்மிய குரலில், "நீ என்ன சொல்லுறாய்?"

கைத்துண்டுக்குள்ளிருந்து அவள் சொன்னாள்: "நான் என்ன அண்ணை சொல்லுறது? அவர் சொன்னா சொன்னதுதான்."

அவர் சொன்னா சொன்னதுதான்! இந்த வசனத்தைக் கேட்பதற்காக நான் கலியாணம் கட்டிய நாளிலிருந்து காத்திருக்கிறேன். மேசையைத் தட்டினேன். மெழுகுதிரி விழுந்தது. நடாஷா ஓடிவந்து நிமிர்த்தினாள்.

இராஜரட்ணம் ஐபேடை மூடிக்கொண்டு எழும்பினார். யோகராணி அவரை வழியனுப்பப் பின்னாலேயே போனாள். நான் மிச்சத்தையும் குடித்து, தக்கை இழுத்த கூலியையும் கொடுத்து, சுவரைப் பிடித்துப் பிடித்துக் கார் நிற்கும் இடத்துக்கு வந்தேன்.

யோகராணி காரில் சாய்ந்து நின்றாள். கார்த் திறப்பை என்னிடம் நீட்டினாள்.

"ஓடுங்கோ. எனக்குக் கால் நோகுது."

"நானோ? உமக்கென்ன விசரே? நான் குடிச்சிருக்கிறன்!"

"எதைக் குடிச்சனீங்கள்?"

"வைன்!"

"அதே கொம்பனிதான். ஆனா மதுசாரத்தை நீக்கின வைன். சுப்பர் மார்க்கெட்டில பழரசத்துக்குப் பக்கத்தில விக்கிறாங்கள். உங்கட போத்தல் வீட்டில இருக்கு."

என் கால்கள் உடனே நேராகின. சுவரை விட்டேன். விழவில்லை. முந்திரிகைச் சாற்றைக் குடித்தது நான். முந்திக்கொண்டது அவள்.

"அப்ப... நான் வெறியில கதைக்கேல்லையே?"

"ஒரு சொட்டு வெறி இல்லை. அண்ணையும் கேட்டவர். இல்லை அண்ணை, அவர் தெளிவாத்தான் கதைச்சவர், போத்தலை வேணுமெண்டா வாசிச்சுப் பாருங்கோ எண்டு சொன்னனான்."

"ஐயோ! நாளைக்கு மன்னிப்புக் கேக்கிறதுக்கும் வழியில்லாமல் செய்துபோட்டீரே!"

"ஏன் கேக்கவேணும்?" என்றாள். நான் அழுகை என்று நினைத்த அந்தச் சிரிப்பு இப்போது நின்றுவிட்டிருந்தது. "எனக்கு மட்டும் அங்க போக ஆசையே? என்ர அடுப்படியை விட்டிட்டு, யன்னல் இல்லாத கிடங்குக்குள்ள? ஆனா நான் எப்பிடிச் சொல்லுறது? என்னைக் கூப்பிட்ட அண்ணை. என்ர வாயால வராது. உங்கட வாயாலதான் வரவேணும். உங்கட வாயோ, போத்தலைக் காணாமல் திறக்காது."

"அப்ப உண்மையான போத்தலையே வைச்சிருக்கலாமே?"

"வைச்சா நாளைக்கு வெறி எண்டு சொல்லித் தப்பிடுவியள்."

திறப்பை வாங்கினேன். கார் ஓடினேன். எல்ஸ்மியர் வீதி கழியும்வரை வெட்கமாக இருந்தது. அதற்குப் பிறகு திடீரென்று ஒன்று உறைத்தது. வெறியே இல்லாமல் அவ்வளவும் சொன்னவன் யார்? நான். தெளிந்த மூளையோடு, மச்சானின் முகத்துக்கு நேரே, நின்றபடி. அப்படியென்றால் நான் உண்மையாகவே வீரன். நெஞ்சை நிமிர்த்தினேன். சீட் பெல்ட் இறுகியது.

அந்த வீரம் சில கிழமைகள் நீடித்தது. இராஜரட்ணம் தனக்கு அளவான வீடொன்றைப் பார்த்துக்கொண்டு தனியாகப் போனார். மல்வேர்ன் யன்னலால் நான் பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயிலில், கடையில், ஆட்கள் என்னைக் கண்டால் கொஞ்சம் ஒதுங்கி நின்றார்கள். உமாபதி பொல்லாதவன், மனுசியை ஆட்டி வைக்கிறான் என்று ஊருக்குள் கதை பரவியிருந்தது. ஒளிக்க என்ன இருக்கிறது? எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

போன ஞாயிறு டெலிபோன் அடித்தது. எங்கள் பழைய சிநேகிதர் அமிர்தநாதர் எடுத்தார், அவர் வீட்டில் விருந்து. ஆட்டு இறைச்சியும் பிட்டும். அவர் கையால் கறி வைத்தால் தெரு முனைக்கே மணக்கும். ஆனால் அவருடைய மனைவியின் பேச்சு யோகராணிக்கு ஒத்துவராது.

"ஐயோ அண்ணை, எனக்கு வர நல்ல விருப்பம்," என்றாள் யோகராணி டெலிபோனில், அழுகிற குரலில். "இவர் விடமாட்டாராம். என்ன செய்ய? அவர் சொன்னா சொன்னதுதானே."

நான் சோபாவிலிருந்து துள்ளி எழும்பினேன். "ஆர் விடமாட்டன் எண்டது? நான் வாறன்! இப்பவே வாறன் எண்டு சொல்லும்!" என்று கத்தினேன்.

அவள் டெலிபோனைக் கையால் இறுக்கிப் பொத்தி, நான் முடிக்கும்வரை காத்திருந்து, பிறகு கையை எடுத்து, பெருமூச்சோடு சொன்னாள்:

"சத்தம் கேட்டிருக்குமே அண்ணை? உங்கட பேரைச் சொன்ன உடன இப்பிடித்தான் கத்துறார்."