ப்ரூயிட்டை வென்ற கோப்பை

அன்புள்ள லோர்னா அக்காவுக்கு,

தம்பி எல்வின் எழுதிக்கொள்வது. நானும் என் முழங்கால்களும் ஓரளவு நலம். அரிசோனா வெயிலில் நீயும் அத்தானும் அதைவிட நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நிற்க. நாம் படித்த டன்விக் பள்ளியை மூடுகிறார்கள். உன் வகுப்பில் நாற்பத்தொரு பேர் இருந்தீர்கள். இந்த ஆண்டு முதல் வகுப்பில் சேர்ந்தவர்கள் மூன்றே பேர்; அதிலும் இருவர் இரட்டையர். மாவட்டக் கல்விக் குழு முதலில் ஓவிய வகுப்பை நிறுத்தியது, பிறகு மூன்று வகுப்புகளை ஒரே அறையில் உட்காரவைத்தது, கடைசியில் நம் பள்ளியை ப்ரூயிட் பள்ளியோடு இணைத்துவிட்டது. ஆம் அக்கா, ஆட்டத்தில் நம் பரம எதிரியான அதே ப்ரூயிட்டோடுதான்.

முப்பத்தெட்டு ஆண்டுகள் நூலகத்தில் புத்தகங்களுக்கு அட்டை எழுதியவன் என்பதால் நம் கோப்பைகளைப் பிரித்துக் கட்டும் வேலை எனக்கு வந்தது. ப்ரூயிட் அலமாரியில் நமக்குப் பன்னிரண்டு இடம். மீதிக் கோப்பைகள் ஏலத்துக்கு. இதற்கான கூட்டத்தில் ப்ரூயிட் சார்பில் எழுந்தவள் யார் தெரியுமா? வெர்லா க்ரூபர். அறுபத்தொன்றாம் ஆண்டுக் கூடைப்பந்துப் போட்டியில் கடைசிப் பந்தைக் கூடையில் போட வந்து, நீ மறித்ததால் தோற்றுப்போனாளே, அவள்தான்.

"ஒரே பள்ளிக்கூடம்னு ஆயிடுச்சு. அப்புறம் ஒருத்தரை ஒருத்தர் தோக்கடிச்ச கோப்பை எதுக்கு? அதெல்லாம் ஏலத்துக்குப் போகட்டும்" என்றாள்.

"நீ தோத்த கோப்பைன்னு நேராவே சொல்லேன் வெர்லா" என்றார் நம் பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஹாரிஸ்.

"உங்களை அடிச்ச கோப்பை எங்ககிட்ட ஒம்பது கிடக்கு, ஹாரிஸ். அதை ஏத்திட்டுப் போக உன் பஸ்ஸே வேணும்."

நான் பேச வேண்டியதை ஓர் அட்டையில் எழுதி வைத்திருந்தேன். எழுந்தும் நின்றேன். எல்லோரும் திரும்பிப் பார்த்ததும், பலகாரத் தட்டைக் காட்டி, "இன்னொரு இனிப்பு ரொட்டி கிடைக்குமா?" என்று கேட்டுவிட்டு உட்கார்ந்துவிட்டேன். தீர்மானம் நிறைவேறியது. என்னை மன்னித்துவிடு.

அந்த ஆட்டம் இன்னும் என் கண்ணில் நிற்கிறது. ஊரே கடைகளைப் பூட்டிவிட்டு வந்திருந்தது. அப்பா தன் வாழ்நாளில் பால் கறப்பதைத் தள்ளிப்போட்டது அன்று ஒருநாள்தான். அந்தக் காலத்துப் பெண்கள் ஆட்டத்தில் ஆறு பேரில் மூவர் தடுப்பதற்கு மட்டுமே. கூடையில் போடக் கூடாது. நீ அந்த மூவரில் ஒருத்தி என்பதால் உன் பெயர் செய்தித்தாளில் வரவே இல்லை. அந்தக் கோப்பையை விட்டால் உனக்கு வேறு சாட்சி கிடையாது.

ஆகவே வெள்ளிக்கிழமை மதியம் அதைத் திருடினேன். உன் கோப்பையையும், பன்றி வளர்ப்பில் நம் பள்ளி வாங்கிய மூன்றாம் பரிசுக் கோப்பையையும் பழைய தாளில் சுற்றி மேசைமேல் வைத்தேன். பன்றிக் கோப்பை ப்ரூயிட் பெட்டிக்கு, உன்னுடையது என் கோட்டுக்குள். இரண்டும் ஒரே உயரம். அந்த நேரம் பார்த்து, பெட்டியை எடுத்துப்போக வெர்லா உள்ளே வந்தாள். ஒன்றைப் பெட்டியில் போட்டேன், மற்றதைக் கோட்டுக்குள் செருகினேன்.

"ஏன் எல்வின், கோட்டைப் போட்டுக்கிட்டு இப்படி வேர்த்து நிக்கிற?"

"குளிருது."

"மே மாசத்துலயா?"

கோட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். எழுபத்தொரு வயதில் என் முதல் திருட்டு. பார்சல் அடுத்த வாரம் உன் கைக்கு வரும்.

அத்தானுக்கு என் வணக்கம். பேரப்பிள்ளைகள் நீடூழி வாழட்டும். அவர்களில் யாராவது டன்விக்கில் குடியேறி நிறையப் பிள்ளைகள் பெற்றால் இன்னும் நல்லது.

உன் அன்புத் தம்பி,
எல்வின்

பி.கு.: பார்சலுக்கு அளவெடுக்கத் தாளைப் பிரித்தேன். உள்ளே பன்றி இருக்கிறது. தாளை மறுபடி சுற்றுவதற்குள் வெர்லா தொலைபேசியில் அழைத்தாள். "பெட்டியைப் பிரிச்சேன். பன்றியைக் காணோம், வேற ஒண்ணு இருக்கு" என்றாள். உடனே வந்து எடுத்துக்கொள்வதாகச் சொன்னேன். "சும்மா இருய்யா. எங்க அலமாரியில வாசலுக்கு நேரா, நடுத்தட்டுல வச்சாச்சு. உங்கக்கா அன்னிக்கு என்னைத் தள்ளிவிட்டா. அது கள்ளாட்டம். வரச்சொல்லு, அது முன்னாடி நிக்கவச்சே கேக்கணும்." ஆகவே பார்சல் வராது, நீதான் வர வேண்டும். தள்ளினாயா இல்லையா என்பதை மட்டும் முன்கூட்டியே எழுதிவிடு. வெர்லா முகத்தைப் பார்த்து இன்னொரு பொய் என்னால் சொல்ல முடியாது.